பலூன் அளந்த எரிமலைத் துளிகள்

1991 ஜூன் 15. பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்தது. அது கக்கிய கந்தக டை ஆக்சைடு, வானின் உயரத்தில் நுண்ணிய அமிலத் துளிகளாகி உலகையே சுற்றியது.

அந்தத் துளிகளை அளக்க, அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தினர் ஹைதராபாத்திலிருந்து பலூன் ஒன்றைப் பறக்கவிட்டார்கள். அதிலிருந்த ஒளிமானிகள் அளந்தது வெயிலைத்தான். பலூன் ஏற ஏற, மேலே மிஞ்சும் காற்றும் துகள்களும் குறையும், வெயில் வலுக்கும். காற்றின் பங்கைக் கழித்துவிட்டால், எந்த உயரத்தில் எவ்வளவு துகள் என்பது பிடிபட்டுவிடும். தரையில் நின்று சூரியனைப் பார்க்கும் கருவிக்கு இந்த அடுக்குக் கணக்கு எளிதில் கிட்டாது.

துகளின் பருமன்? வெவ்வேறு நிற ஒளியை அளக்க வேண்டும். மிகச் சிறிய துகள்கள் சிவப்பைவிட நீலத்தையே அதிகம் சிதறடிக்கும்.

அந்தத் துளிகளால் மறு ஆண்டு உலகச் சராசரி வெப்பநிலை சுமார் 0.5 டிகிரி செல்சியஸ் குறைந்தது.