கேபிள் கார் ஓடாத நாள்

குளிர்காலத்தில் ஹொக்கைடோ போகும் நம் ஊர்க்காரர்களில் சிலர் பனியில் சறுக்கப் போகிறார்கள். சிலர் பனியைப் பார்த்துவிட்டு நண்டு சாப்பிட்டுத் திரும்புகிறார்கள். இரண்டுக்கும் நடுவே இன்னொரு வழி உண்டு. ஸ்னோஷூ கட்டிக்கொண்டு நடப்பது. சறுக்கு விளையாட்டைப் போல நாள் கணக்கில் பயிற்சி எடுக்க வேண்டியதில்லை. பூட்ஸுக்கு அடியில் அகலமான ஒரு சட்டத்தைக் கட்டிக்கொள்கிறோம். அது நம் எடையைப் பரப்பிவிடுவதால், இடுப்பு வரை புதையக்கூடிய பனியில் கணுக்கால் அளவோடு கால் நின்றுவிடும். சட்டத்துக்கு அடியில் இருக்கும் பற்கள் சரிவில் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். ஜப்பானியர்கள் முற்காலத்தில் மரக்கிளையை வளைத்து இதையே 'கன்ஜிகி' என்ற பெயரில் செய்து நடந்திருக்கிறார்கள்.

பல்கலைக்கழகக் காலத்திலிருந்து நட்பாக இருக்கும் நாங்கள் ஐந்து பேர், ஜனவரிக் கடைசியில் அப்படி நடக்கத்தான் போனோம். கூட்டத்தில் ஒருவன் கணக்காளன். பயணத்தின் ஆறு நாளையும் மணி வாரியாக எக்செலில் போட்டு வைத்திருந்தான். அதில் நான்காம் நாள் மட்டும் மஞ்சள் நிறம். அன்றுதான் அசாஹிடாகே.

அசாஹிடாகே 2,291 மீட்டர். ஹொக்கைடோவிலேயே உயரமான மலை. 1934இல் அறிவிக்கப்பட்ட தைசெட்சுசான் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. அங்கே வாழ்ந்த ஐனு மக்கள் இந்த மலைப்பகுதியை 'கமுய் மிந்தாரா' என்பார்கள். தெய்வங்கள் விளையாடும் தோட்டம் என்று பொருள். அடிவாரத்தில் வெந்நீர் ஊற்று விடுதிகள் உண்டு. அங்கிருந்து 1,100 மீட்டர் உயரத்தில் புறப்படும் கேபிள் கார், பத்தே நிமிடத்தில் 1,600 மீட்டரில் இறக்கிவிடும். மேலே மரங்கள் கிடையாது. வெள்ளைச் சரிவும், அதன் நடுவே பூமியிலிருந்து புகையாய்க் கிளம்பும் கந்தக ஆவியும்தான். அந்த ஆவித் துளைகளுக்கு அருகே நடந்து போய்ப் படம் எடுப்பதுதான் மஞ்சள் கட்டத்தில் எழுதியிருந்த திட்டம்.

அசாஹிகாவா நகரிலிருந்து காலைப் பேருந்தில் போய் இறங்கியபோது அடிவாரத்தில் காற்றே இல்லை. பனி பஞ்சு போல நேராக விழுந்துகொண்டிருந்தது. ஆனால் நிலையத்து அறிவிப்புப் பலகையில், மேலே பலத்த காற்று, கேபிள் கார் நிறுத்தம் என்று இருந்தது.

நாங்கள் முன்பதிவு செய்திருந்த வழிகாட்டி அறுபது வயதைத் தாண்டிய உள்ளூர்க்காரர். கணக்காளன் அவரிடம், "பதினொரு மணிக்குத் திறக்குமா? பன்னிரண்டுக்கு?" என்று விடாமல் கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே, "கொஞ்சம் கஷ்டம்" என்றார். ஜப்பானில் 'கொஞ்சம் கஷ்டம்' என்றால் 'முடியாது' என்று அர்த்தம். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லாத பண்பு அது. நம்மில் சிலர் அந்த 'கொஞ்சத்தை' மட்டும் பிடித்துக்கொண்டு பேரம் பேச ஆரம்பித்துவிடுவோம்.

எங்களுக்குள் பேச்சு முற்றியது. "டேய், 4,095 மீட்டர் கினபாலுவே ஏறியாச்சு. இது அதுல பாதிக்குக் கொஞ்சம் மேல. கேபிள் கார் இல்லைன்னா நடந்தே ஏறலாமே" என்றான் கிள்ளான் நண்பன். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் கினபாலு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அசாஹிடாகே 43ஆம் அட்சரேகையைத் தாண்டி இருக்கிறது. 1902 ஜனவரி 25 அன்று அசாஹிகாவா நகரில் பதிவான மைனஸ் 41 டிகிரிதான் ஜப்பானில் இதுவரை அதிகாரபூர்வமாகப் பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலை. அது மலை உச்சியில் இல்லை, ஊருக்குள்.

காற்றின் கணக்கும் தனி. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், திறந்திருக்கும் தோலுக்கு அது ஏறக்குறைய மைனஸ் 21 போல. ஐந்நூறு மீட்டர் ஏறினால் வெப்பநிலை இன்னும் மூன்று டிகிரி குறையும். காற்று பனியையும் கிளப்பிவிட்டால் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி, எது மேடு எது பள்ளம் என்றே தெரியாமல் போகும்.

அந்த வாக்குவாதத்தை நிறுத்தியது எங்களில் தாதியாக வேலை செய்யும் தோழி. அவள் எங்கே போனாலும் போகும் இடத்தைப் பற்றிப் படித்துவிட்டு வருபவள். 2009 ஜூலையில் இதே அடிவாரத்தில் புறப்பட்ட ஒரு சுற்றுலாக் குழுவைப் பற்றி அவள்தான் சொன்னாள். கேபிள் காரில் ஏறி, அசாஹிடாகேயைக் கடந்து, குடிசைகளில் தங்கி, மூன்றாம் நாள் தோமுராவுஷி மலையைத் தாண்டி இறங்குவது அவர்கள் திட்டம். ஜூலை 16 காலை கடுமையான மழை, காற்று. ஆனாலும் புறப்பட்டார்கள். வழிகாட்டிகளோடு சேர்த்து 18 பேர். அவர்களில் 8 பேர் உடல் வெப்பம் குறைந்தே இறந்துபோனார்கள். பனிக்காலத்தில் அல்ல, நடுக்கோடையில். இறந்தவர்களில் வழிகாட்டி ஒருவரும் உண்டு. அந்தப் பயணத்திட்டத்தில் மாற்று நாள் என்று ஒன்று இல்லை.

கணக்காளன் கைப்பேசியில் மஞ்சள் கட்டத்தை ஒருமுறை பார்த்தான். அதன் மறுநாளில் சப்போரோவுக்கு ரயில் என்று இருந்தது.

"சரி, கீழேயே நடப்போம். ஆனா மலை தெரியுற இடமாவது வேணும்" என்றான். அடிவாரக் காட்டுக்குள்ளே ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தால் ஒரு திறந்தவெளி வரும், மேகம் விலகினால் அங்கிருந்து மலை தெரியும் என்றார் வழிகாட்டி. அப்படியாக இரண்டாவது திட்டம் உருவானது.

அந்தக் காட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த நடையில் மனத்தில் நிற்பது அதுதான். ஊசியிலை மரங்கள் பனியைச் சுமந்துகொண்டு, வெள்ளைப் போர்வை போர்த்திய ஆட்களைப் போல நின்றன. நடுநடுவே 'தகேகன்பா' எனும் பிர்ச் மரங்கள், பட்டை காகிதம் போல உரிந்து தொங்க, முறுக்கிய உடம்போடு நின்றன. சத்தமே இல்லை. நம் காட்டில் பூச்சியின் இரைச்சல் ஒரு நொடி ஓயாது. இங்கே நாங்கள் நின்றால், கூடவே எல்லாம் நின்றுவிடும். புதுப்பனி ஒலியை உறிஞ்சிவிடும் என்று படித்திருந்தாலும், நம் மூச்சே நமக்குப் பெரிதாகக் கேட்கும்போது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

முதல் பத்து நிமிடம் ஐந்து பேரும் வாத்துகளாக நடந்தோம். கால்களைச் சற்று அகட்டி வைக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு ஸ்னோஷூ மற்றொன்றை மிதித்துவிடும். பின்னால் நடக்கக்கூடாது. வால்பகுதி பனியில் குத்தி, மல்லாக்கப் போட்டுவிடும். திரும்ப வேண்டுமானால் அரைவட்டம் போட்டுத் திரும்ப வேண்டும். மரத்தின் அடியில் ஒட்டி நடக்கக்கூடாது என்று வழிகாட்டி இரண்டு முறை சொன்னார். கிளைகள் பனியைத் தடுப்பதால் தூரைச் சுற்றி உள்ளுக்குள் பள்ளம் மறைந்திருக்கும். தலைகீழாக விழுந்தால் தானாக ஏறி வருவது கடினம்.

முயல் தடம் காட்டினார். முன்னால் இரண்டு நீளக் குழி, பின்னால் இரண்டு சின்னக் குழி. முன்னால் இருப்பவைதான் பின்னங்கால்கள். தாவும்போது அவை முந்திக்கொண்டு வந்து விழுமாம். நரித் தடம் நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் போயிற்று. ஹொக்கைடோ நரிகளிடம் மனிதரைப் பாதிக்கும் நாடாப்புழு இருப்பதால், அழகாக இருக்கிறதே என்று அருகில் போய்த் தொடவோ தீனி போடவோ கூடாது.

திறந்தவெளிக்கு இன்னும் கால்மணி நேரம் இருக்கும். தண்ணீர் குடிக்க நின்றோம். தெர்மாஸில் சுடச்சுட மைலோ. அந்தக் குளிரில் அதற்கு ஈடு எதுவும் இல்லை. சாக்லேட்டை ஆளுக்கொன்று கொடுத்தோம். பினாங்குத் தோழி மட்டும் அதைப் பிரிக்காமல் கையில் வைத்திருந்தாள். தாதித் தோழி அதைக் கவனித்துவிட்டு, "கையைக் காட்டு" என்றாள்.

பினாங்குத் தோழி படம் எடுப்பதற்காக அடிக்கடி கனமான கையுறையைக் கழற்றி, உள்ளே போட்டிருந்த கம்பளிக் கையுறையோடு இருந்திருக்கிறாள். அதில் ஒட்டிய பனி உருகி நனைந்துவிட்டது. வலதுகையில் மூன்று விரல்களின் நுனி மெழுகு போல வெளுத்திருந்தது. கிள்ளினாள். தெரியவில்லை என்றாள்.

"எப்பருந்து?"

"அரை மணி நேரமா இருக்கும். எல்லாரும் சந்தோஷமா நடந்துக்கிட்டு இருந்தீங்க. ஏற்கெனவே ஒரு பிளான் கெட்டுப்போச்சு..."

யாரும் பேசவில்லை.

நனைந்த கையுறை கழன்றது. தாதித் தோழி அந்தக் கையைத் தன் ஜாக்கெட்டுக்குள்ளே விட்டு அக்குளில் அழுத்திக்கொண்டாள். வழிகாட்டி தன் பையிலிருந்து விரல்கள் பிரியாத பெரிய கையுறை ஒரு ஜோடியை எடுத்தார். தேவைப்படும் என்று எப்போதும் வைத்திருப்பாராம். கிள்ளான் நண்பன் நல்ல எண்ணத்தில் விரல்களைத் தேய்த்துவிடப் போனான். தாதித் தோழி அதட்டினாள். உறையத் தொடங்கிய தோலைத் தேய்த்தால் உள்ளே காயம்தான் ஆகும். கடையில் வாங்கிய 'கைரோ' சூட்டுப் பைகளையும் வெறும் தோலில் வைக்க விடவில்லை. உணர்ச்சி இல்லாத தோலுக்குச் சுட்டாலும் தெரியாது. சூடுபட்ட விரல் மறுபடி உறைந்தால் முதலில் இருந்ததைவிட மோசமாகும் என்பதால், உணர்வு வந்தாலும் மேற்கொண்டு போகக்கூடாது, இறங்கிவிட வேண்டும் என்றாள்.

எங்கள் கண்கள் கணக்காளன் பக்கம் போயின. அவன் திறந்தவெளி இருந்த திசையைப் பார்த்தான். கால்மணி நேரம்தான். நாலு பேர் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவன் சொல்லியிருந்தால், எங்களில் யாராவது சரி என்றிருப்போம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வழிகாட்டி ஒருவர்தான். அவன் ஒன்றும் சொல்லாமல் அரைவட்டம் போட்டுத் திரும்பி, பினாங்குத் தோழியின் பையையும் எடுத்து மாட்டிக்கொண்டான்.

இறங்கும் வழியில் அவளுக்கு உணர்வு வந்தது. ஊசி குத்துவது போல வலித்ததில் அழுதுவிட்டாள். வலிக்கிறது என்று கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான். அடிவாரத்துக்கு வருவதற்குள் விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன, கொப்புளம் இல்லை. மறுநாள் சப்போரோவில் மருத்துவரிடம் காட்டினோம். சில வாரம் குளிர் பட்டால் கூசும், மற்றபடி பயமில்லை என்றார்.

நாங்கள் விடுதி உணவகத்தில் உட்கார்ந்திருந்தபோது மணி ஒன்றரை. மேகம் விலகியது. பலகையை மாற்றினார்கள், கேபிள் கார் ஓடத் தொடங்கியது. மலை முழுசாக, நீல வானத்துக்குக் கீழே, பொறுமையாகப் புகை விட்டுக்கொண்டு நின்றது. காலையில் கஷ்டம் என்று சொன்ன வழிகாட்டி அதைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். ஜனவரியில் நாலரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். இனி மேலே நடக்க நேரமில்லை. நிலையத்தில் நின்று பார்த்துவிட்டு அடுத்த காரில் இறங்கலாம் என்றார்.

கணக்காளனும் கிள்ளான் நண்பனும் போனார்கள். போகச் சொன்னதே பினாங்குத் தோழிதான். முக்கால் மணி நேரத்தில் மூக்கு சிவக்கத் திரும்பி வந்தார்கள். ஆவித் துளைகள் நிலையத்திலிருந்தே தெரிந்தனவாம். படம் நன்றாகத்தான் வந்திருந்தது.

பேருந்தில் வரும்போது கணக்காளன் கைப்பேசியில் எக்செலைத் திறந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். அடுத்த ஆண்டுக்கு ஒரு புதுத் தாள். மஞ்சள் கட்டத்துக்குக் கீழே இன்னொரு நாளைச் சேர்த்து, அதில் எதையும் எழுதாமல் விட்டிருந்தான். "ஏழு நாள் லீவு கிடைக்குமா உனக்கு?" என்று கேட்டான். கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.