பெற்றோலை அளந்து கொடுக்கும் ஆளி

“ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பது நம் முன்னோர் வாக்கு. பெற்றோல் ஆற்றிலே ஓடி வருவதன்று. ஆகவே அதனை அளந்து செலவிட வேண்டிய அவசியம் இன்னும் அதிகம். இந்தக் கணக்கை மனிதன் இப்பொழுது இயந்திரத்திடமே ஒப்படைத்திருக்கிறான். நெடுந்தூரப் பிரயாணத்துக்கென அமைந்த பெரிய மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றில் ‘சிக்கன முறை’ என ஒன்று உண்டு. ஓர் ஆளியை அழுத்தியதும் பெற்றோல் மிச்சமாவது எங்ஙனம்?

யப்பானியரின் கவசாக்கி 1400 ஜீ.ரீ.ஆர். வண்டியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நான்கு சிலிண்டர்களும், 1352 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும், 22 லீற்றர் தாங்கியும் கொண்ட அவ்வண்டியின் 2010ஆம் ஆண்டு மாதிரியில் இம்முறை சேர்க்கப்பட்டது.

பெற்றோல் தனித்து எரிவதில்லை. காற்றுடன் கலந்தே எரிகிறது. 1 கிராம் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். காற்றை 13 பங்களவுக்குக் குறைத்தால் வலு கூடும். ஆனால் பெற்றோலில் ஒரு பகுதி சரிவர எரியாமலே புகையோடு வெளியேறிவிடும். காற்றை 16 பங்களவுக்குக் கூட்டினால் வலு சற்றுக் குறையும். ஆயினும் உட்சென்ற பெற்றோல் வீணாகாது வேலை செய்யும். சிக்கன முறையின் இரகசியம் இதுவே.

பழைய வண்டிகளின் காபுரேற்றரில் இவ்விகிதத்தைப் பணிமனையிலே ஒருமுறை அமைத்துவிட்டால், வழியில் மாற்றுவது இலகுவன்று. இன்றைய வண்டியிலோ சிறு கணினியொன்று வீற்றிருக்கிறது. பெற்றோலை விசிறும் குழாய் எத்தனை ஆயிரத்திலொரு செக்கன் திறந்திருக்க வேண்டும் என்பதை அது தன் நினைவிலுள்ள அட்டவணையைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. ஆளியை அழுத்தியதும் வலுவுக்கான அட்டவணையை விடுத்துச் சிக்கனத்துக்கான அட்டவணையை அது பின்பற்றுகிறது.

இதில் வேறொரு நன்மையும் உண்டு. மெலிந்த கலவையோடு அதே வேகத்திற் செல்வதற்குக் காற்று வாயில் சற்று அகலத் திறக்க வேண்டும். மூக்கைப் பாதி பொத்திக்கொண்டு மூச்சு வாங்குவது நமக்கு எத்துணைச் சிரமமோ, ஒடுங்கிய வாயிலூடாகக் காற்றை உறிஞ்சுவது இயந்திரத்துக்கும் அத்துணைச் சிரமம். வாயில் அகன்றால் அச்சிரமம் குறைகிறது.

ஹொண்டா நிறுவனத்தார் 2018ஆம் ஆண்டு மாதிரியான ஆறு சிலிண்டர் ‘கோல்ட் விங்’ வண்டியில் வேறொரு வழியைக் கைக்கொண்டனர். அதிற் கைபிடியைத் திருகுவது இயந்திரத்துக்குக் கட்டளையன்று; கணினிக்கு விடுக்கும் வேண்டுகோள் மாத்திரமே. சிக்கன முறையில் கணினி அவ்வேண்டுகோளை நிதானமாக நிறைவேற்றுகிறது. தானே கியர் மாற்றும் வண்டியாயின், மேல் கியருக்கு விரைவிலேயே மாறிவிடுகிறது. இயந்திரம் குறைந்த சுற்றுக்களோடு ஓட, உராய்வினால் வரும் நட்டமும் குறைகிறது.

அப்படியாயின் கலவையை மேலும் மேலும் மெலியச் செய்யலாமே எனச் சிலர் கேட்கக்கூடும். அளவுக்கு மிஞ்சி மெலிந்தால் தீப்பொறி பட்டும் கலவை சரிவரப் பற்றாது, வண்டி தடுமாறும். அன்றியும், புகையிலுள்ள நச்சு வாயுக்களை மாற்றும் கலம் 14.7 என்ற விகிதத்தை ஒட்டியே செவ்வையாகத் தொழிற்படும். ஆகவே இச்சேமிப்புக்கு ஓர் எல்லை உண்டு. லீற்றருக்கு 1 கிலோமீற்றர் கூடினாலும், 22 லீற்றர் தாங்கியில் 22 கிலோமீற்றர் மிச்சம்.

இது அற்பமெனத் தோன்றலாம். அவுஸ்திரேலியாவின் நல்லபோர் சமவெளியைக் கடந்து செல்வோர் அங்ஙனம் எண்ணார். பல்லடோனியாவுக்கும் கைகுனாவுக்குமிடையே சுமார் 180 கிலோமீற்றருக்கு எரிபொருள் நிலையம் இல்லை. அதில் 146 கிலோமீற்றருக்கு மேல் வளைவேயில்லாத நேர்வழி. எதிர்க்காற்று வீச, தாங்கியும் பாதியாயிருந்தால், அதில் மிச்சமாகும் 11 கிலோமீற்றரே பிரயாணியை ஊர் சேர்க்கும். இன்றேல் அவர் நடுவழியிலே வெயிலில் நிற்க நேரும்.

ஆயினும் ஆளியிலும் பெரிய சிக்கனம் ஒன்று ஓட்டுபவரின் கையிலேயே இருக்கிறது. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. மணிக்கு 80 கிலோமீற்றரிலிருந்து 100க்கு உயர்த்தினாலே எதிர்ப்பு 56 சதவீதம் கூடுகிறது. இந்த நட்டத்தை எந்த அட்டவணையாலும் ஈடுசெய்ய இயலாது. சிக்கன முறையில் வைத்துவிட்டுக் கைபிடியை முழுவதும் திருகுபவர், ஓட்டைப் பானையிலே நீரை அளந்து ஊற்றுபவரை ஒப்பர்.

மேட்டு நிலத்திலும், பிற வாகனங்களை முந்தும்போதும் வலு வேண்டும். அவ்வேளையில் ஆளியை விலக்கிவிடுதலே நன்று. சமதரையில் நிதானமாகச் செல்லுங்கால் அதனைப் பயன்படுத்தலாம். எங்கே செலவிடவேண்டும், எங்கே சேமிக்கவேண்டும் என்ற பகுத்தறிவைக் கணினி தராது. அது மனிதனுக்கே உரியது. குடும்பச் செலவுக்கும் இதுவே விதியன்றோ?