நேர்மைக்கு ஒரு முகவரி வேண்டும்

2020 நவம்பரில் புனேயில் நடந்தது இது. கேஷவ்நகரிலிருந்து ஹடப்சருக்கு ஒரு தம்பதியை ஏற்றிச் சென்று இறக்கிவிட்ட ஆட்டோ ஓட்டுநர், பி.டி. கவடே சாலையில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினார். பின் சீட்டில் ஒரு பை கிடந்தது. புனேயின் கேம்ப் என்ற கடைத்தெருப் பகுதியை அடுத்திருக்கும் கோர்படி போலீஸ் சௌக்கியில் (புறக்காவல் நிலையம்) அதைக் கொண்டுபோய் ஒப்படைத்தார். பையில் இருந்தவை 11 தோலா தங்க நகை (நம் கணக்கில் 13 பவுனுக்கு மேல்), 20,000 ரூபாய் ரொக்கம், துணிமணிகள். மொத்த மதிப்பு சுமார் 7 லட்சம் ரூபாய். பையைத் தவறவிட்ட தம்பதி அதற்குள் ஹடப்சர் போலீசை அணுகியிருந்தார்கள். இரண்டு தகவலும் ஒன்று சேர, பை உரியவர் கைக்குப் போனது. காவல்துறை அந்த ஓட்டுநரை அழைத்துப் பாராட்டியது. இத்தகைய செய்திகளைப் படிக்கும்போது "இந்தக் காலத்திலும் இப்படி ஒருவரா" என்று வியக்கிறோம். அந்த வியப்பு அவருக்குச் செய்யும் மரியாதைதான். ஆனால் நேர்மை என்பது எங்கோ ஒருவரிடம் மட்டும் இருக்கும் அபூர்வ குணம் என்ற எண்ணமும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அந்த எண்ணம் சரியா என்று பார்க்க வேண்டும். ஏனென்றால் பை திரும்பி வந்ததற்கு ஓட்டுநரின் மனம் ஒரு காரணம். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சௌக்கி இருந்தது இன்னொரு காரணம்.

மனிதர்கள் எவ்வளவு நேர்மையானவர்கள் என்பதை ஊகமாக விடாமல் அளந்து பார்த்த ஆய்வு ஒன்று, 2019 ஜூனில் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. 40 நாடுகளின் 355 நகரங்களில் 17,303 பர்ஸ்களை ஆய்வாளர்கள் வங்கி, தபால் நிலையம், ஹோட்டல், திரையரங்கு போன்ற இடங்களின் வரவேற்பு மேசையில் "தெருவில் கிடந்தது" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியும் பர்ஸ். அதில் பெயரும் மின்னஞ்சலும் அச்சிட்ட விசிட்டிங் கார்டுகள், உள்ளூர் மொழியில் எழுதிய மளிகைச் சீட்டு, ஒரு சாவி. சிலவற்றில் பணம் இருந்தது, சிலவற்றில் இல்லை. பணம் இருந்தால் ஆசை வரும், பர்ஸ் திரும்புவது குறையும் என்றுதான் பொதுமக்கள் கணித்தார்கள். பணம் இருந்தால் அதிகம் திரும்பும் என்று பொருளாதார நிபுணர்கள்கூட எதிர்பார்க்கவில்லை. நடந்தது நேர்மாறு. பணமில்லாத பர்ஸ்களில் 40 சதவீதத்துக்கு உரியவரைத் தேடித் தகவல் வந்தது. பணம் இருந்தவற்றில் அது 51 சதவீதமாக உயர்ந்தது. அமெரிக்கா, பிரிட்டன், போலந்து ஆகிய நாடுகளில் தொகையை ஏழு மடங்காக்கியபோது 72 சதவீதத்தைத் தொட்டது. அதே நாடுகளில் சாவி வைக்காத பர்ஸ்களையும் கொடுத்துப் பார்த்தார்கள். சாவி இருந்தவை அவற்றைவிட அதிகமாகத் திரும்பின. கண்டெடுத்தவருக்கு அந்தச் சாவியால் ஒரு பயனும் இல்லை, தொலைத்தவருக்குத்தான் தவிப்பு. அந்தத் தவிப்பை முன்பின் அறியாத ஒருவர் உணர்கிறார் என்பதே இதன் பொருள்.

ஆனால் இந்தியாவின் நிலை அவ்வளவு பெருமைப்படும்படி இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கோயம்புத்தூர் உள்ளிட்ட நம் நகரங்களில், பணமில்லாத பர்ஸ்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கும், 230 ரூபாய் வைத்தவற்றில் ஐந்தில் இரண்டுக்குச் சற்று மேலும்தான் பதில் வந்தது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் பணத்தை அமுக்கிவிட்டார்கள் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. இந்த ஆய்வு எண்ணியது மின்னஞ்சல்களை மட்டுமே. சீன நகரங்களில் இதே சோதனையை மறுபடி செய்த ஆய்வாளர்கள், பதில் எழுதாத பலர் பர்ஸைத் தொடாமல், உரியவர் தேடி வருவார் என்று பத்திரமாக எடுத்து வைத்திருந்ததைக் கண்டார்கள். நம் ஊரிலும் கடைக்காரர் ஒருவர், யாரோ விட்டுப்போன குடையையோ சாவிக்கொத்தையோ கல்லாப்பெட்டி அருகே மாதக்கணக்கில் வைத்திருப்பது வழக்கம்தான். முகம் தெரியாதவருக்கு மின்னஞ்சல் எழுதுவது வழக்கமில்லை. மனம் இருந்தும் பொருள் போய்ச் சேராமல் நிற்பது இந்த இடைவெளியில்தான். பணம் இல்லாத பர்ஸைவிடப் பணம் உள்ள பர்ஸுக்கு இரு மடங்கு பதில் வந்ததும் இதையே காட்டுகிறது. ஆசைதான் தடை என்றால் கணக்கு தலைகீழாக இருந்திருக்கும். சிரமப்படத் தயங்குகிறோம், சிரமப்படத் தகுந்த காரணம் இருந்தால் முன்வருகிறோம்.

யாரிடம் கொடுப்பது என்று தெரிந்தால் அந்தச் சிரமமும் குறையும். 2018-இல் ஈரோட்டில் ஏழு வயது அரசுப் பள்ளி மாணவன் ஒருவன் 50,000 ரூபாயைக் கண்டெடுத்து ஆசிரியரிடம் கொடுத்தான். அவனைப் பற்றிப் பின்னர் தமிழ்நாட்டு இரண்டாம் வகுப்புப் பாடநூலிலும் எழுதினார்கள். அந்தச் சிறுவனின் மனம் பெரிது. அதே சமயம் அவனுக்குப் பணத்தை யாரிடம் கொடுப்பது என்ற குழப்பம் இருக்கவில்லை. ஆசிரியர் இருந்தார், பள்ளி அதை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வரை கொண்டு சேர்த்தது. பெரியவர்களான நமக்கு அப்படி ஒரு ஆசிரியர் இல்லை. புனே கேம்ப்பின் மகாத்மா காந்தி சாலையிலோ ஃபேஷன் ஸ்ட்ரீட் கூட்டத்திலோ ஒரு கைப்பையைக் கண்டெடுப்பவருக்கு முதலில் தோன்றுவது பயம். போலீசில் கொடுத்தால் நம்மையே விசாரிப்பார்களோ, உள்ளே இருந்த பணத்தில் குறைகிறது என்று உரியவர் பழி சொல்வாரோ என்ற பயம். அதனால் பார்த்தும் பார்க்காததுபோல் நகர்ந்துவிடுபவர்கள் உண்டு.

சட்டத்தைத் தெரிந்துகொண்டால் இந்தப் பயத்தில் பாதி போய்விடும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 71-ஆம் பிரிவில், கண்டெடுத்துத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவரை அடைக்கலப் பொருளைக் காப்பவரின் இடத்தில் வைக்கிறது. உரியவருக்காகப் பாதுகாக்க எடுப்பது குற்றமே இல்லை. உரியவர் யாரென்று தெரிந்தும், அல்லது தேடிப்பார்க்க நியாயமான முயற்சி எடுக்காமலும், தனதாக்கிக்கொண்டால்தான் குற்றம். இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவில் அதற்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. இன்ன பரிசு தருவேன் என்று உரியவர் அறிவித்திருந்தால், அதைக் கேட்டு வழக்குப் போடும் உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 168-ஆம் பிரிவு தருகிறது.

பரிசு வாங்கினால் அது நேர்மையாகுமா என்று சிலர் கேட்பார்கள். ஜப்பானில் பொருளின் மதிப்பில் 5 முதல் 20 சதவீதம் வரை வெகுமதி கேட்கக் கண்டெடுத்தவருக்குச் சட்டமே உரிமை தருகிறது. மூன்று மாதத்துக்குள் உரியவர் வராவிட்டால் பெரும்பாலான பொருள்கள் அவருக்கே சேரும். தெருவுக்குத் தெரு 'கோபான்' என்ற சிறு போலீஸ் சாவடிகள். டோக்கியோவில் மட்டும் ஆண்டுக்கு 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே நேர்மை தேய்ந்துவிடவில்லை. தினக்கூலிக்கு வண்டி ஓட்டுபவர் அரை நாள் சவாரியை விட்டு, பெட்ரோல் செலவழித்து வந்து பையைக் கொடுக்கிறார் என்றால், அந்த இழப்பை ஈடுகட்டுவது நம் கடமை. அது அவருடைய நேர்மைக்கு வைக்கும் விலை ஆகாது.

இந்தியாவிலும் வழிகள் இல்லாமலில்லை. ரயிலில் விட்ட பெட்டிகளை உரியவரிடம் சேர்க்க ரயில்வே பாதுகாப்புப் படை 'ஆபரேஷன் அமானத்' நடத்துகிறது. தொலைந்த செல்போனை முடக்கவும் தேடவும் 2023 மே முதல் 'சஞ்சார் சாத்தி' தளம் நாடு முழுவதும் இயங்குகிறது. ஆனால் இவை பெரும்பாலும் தொலைத்தவருக்கான வாசல்கள். கண்டெடுத்தவருக்கான வாசல் அதே அளவு அகலமாக இல்லை. கேம்ப் போன்ற ஒவ்வொரு கடைத்தெருவிலும், பேருந்து நிலையத்திலும், பொருளை வாங்கிக்கொண்டு உள்ளிருப்பதை எதிரிலேயே எண்ணி எழுதி, ரசீது கொடுத்து, நன்றி சொல்லி அனுப்பும் ஒரு மேசை வேண்டும். அதற்குப் பெரிய செலவில்லை. ஒரு பதிவேடும் பொறுப்பான ஒருவரும் போதும்.

அந்த மேசையைக் கேட்டு வாங்குவது நகராட்சிகளிடமும் காவல்துறையிடமும் நாம் செய்யவேண்டிய வேலை. அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். பர்ஸிலும் குழந்தையின் பள்ளிப் பையிலும் ஒரு தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள். எதையாவது கண்டெடுத்தால் பக்கத்துக் கடைக்காரர் முன்னிலையில் திறந்து, எண்ணி, அருகிலுள்ள காவல் நிலையத்தில் கொடுத்து எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். உங்கள் பொருளை யாராவது திருப்பித் தந்தால் அவருடைய நேரத்துக்கும் செலவுக்கும் மனமுவந்து கொடுங்கள். அந்நியரின் நல்ல மனம் நாம் நினைப்பதைவிடப் பெரியது. அது வந்து சேர வழிவிட வேண்டியது நாம்தான்.