செப்புக்குழாய் மின் பற்றவைப்பு இடுக்கி

செப்புக்குழாய் மின் பற்றவைப்பு இடுக்கி என்பது நீர்க்குழாய் இணைப்புகளைத் தீச்சுடர் இல்லாமல் சூடாக்கிப் பற்றாசு வைக்க உதவும் கருவி ஆகும். மின்மாற்றியிலிருந்து குறைந்த அழுத்தத்தில் வரும் மிகுதியான மின்னோட்டம், குழாயைக் கவ்வியிருக்கும் இரு கரித்தண்டுகள் வழியே பாயும்போது மின்தடையால் வெப்பம் உண்டாகிறது. சுடர் இல்லாததால் மரச்சட்டங்களின் அருகே தீ ஆபத்து குறைகிறது.

பாதுகாப்பு

மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கரித்தண்டுகளும் குழாயும் சிறிது நேரம் கடுஞ்சூடாகவே இருக்கும். வேலைக்கு முன் குழாயிலுள்ள நீரை வடித்து, ஒரு முனையைத் திறந்து வைக்க வேண்டும். எஞ்சிய நீர் வெப்பத்தை உறிஞ்சிப் பற்றாசை உருகவிடாது; வழியின்றி அடைபட்ட நீராவி இணைப்பைப் பிரித்துத் தெறிக்கக்கூடும். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, காற்றோட்டம் ஆகியவை தேவை. குடிநீர்க் குழாய்களில் ஈயம் கலந்த பற்றாசைப் பயன்படுத்தக் கூடாது. ஐக்கிய அமெரிக்காவில் 1986 ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் அதைத் தடை செய்தது.