உங்களுக்குத் தெரியுமா? கொட்டை போட்டால் என்ன மரம் வரும்?

● இமாம்பசந்த் சாப்பிட்டுவிட்டு அதன் கொட்டையை ஊன்றினால் மாமரம் வரும், இமாம்பசந்த் வராது. மல்கோவா, பங்கனப்பள்ளி, நீலம், அல்போன்சா எல்லாவற்றுக்கும் இதே கதைதான். இந்த ரகங்களின் கொட்டைக்குள் ஒரே ஒரு கரு இருக்கும். அது தாயும் தகப்பனும் சேர்ந்து உண்டானது. தாய் யாரென்று நமக்குத் தெரியும். தகப்பன்? மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பது பெரும்பாலும் ஈக்கள். அவை அதற்கு முன் எந்த மரத்தில் உட்கார்ந்திருந்தன என்று யார் கண்டது!

● ஆனால் ஒரே மாங்கொட்டையிலிருந்து மூன்று நான்கு முளைகள் கிளம்பினால் சந்தோஷப்படுங்கள். அது பல கருக்கள் உள்ள ரகம். அவற்றில் ஒன்றைத் தவிர மற்றவை தாய்மரத்தின் திசுவிலிருந்தே உண்டானவை, மகரந்தத்தின் பங்கு இல்லாதவை. பெரும்பாலும் நோஞ்சானாக நிற்பதுதான் கலப்புப் பிறவி. அதைக் கிள்ளிவிட்டு, திடமாக வளர்வதை வைத்துக்கொண்டால் தாய்மரத்தின் அச்சு அசல் கிடைக்க வாய்ப்பு அதிகம். கேரளக் கரையோரத்து ஒலூர், சந்திரக்காரன், குருக்கன், வெள்ளைக் கொழும்பான் எல்லாம் இந்த வகை. தாய்லாந்தின் நாம் டாக் மாயும் பிலிப்பைன்ஸின் கராபாவோவும் அப்படியே.

● மாங்கொட்டையை அப்படியே மண்ணில் புதைப்பதைவிட ஓட்டை உடைத்துப் பருப்பை எடுத்து ஊன்றினால் சீக்கிரம் முளைக்கும். நாரைச் சுரண்டி, கழுவி, நிழலில் ஓரிரு நாள் உலர்த்துங்கள், கையில் வழுக்காது. ஓட்டின் விளிம்பைத் தோட்டக் கத்தரியால் கொஞ்சம் நறுக்கி, அந்த விரிசலில் திருப்புளியை நுழைத்து மெல்லத் திருகினால் ஓடு பிளந்துகொள்ளும். உள்ளே பழுப்பு நிறத்தில் மெல்லிய தோல் போர்த்திய பருப்பு இருக்கும். சில கொட்டைகளில் பருப்பு அரிக்கப்பட்டு, கறுப்பு வண்டு ஒன்று சாவகாசமாக நடந்து வரும். பழத்தின் மேல் ஒரு துளைகூட இருந்திருக்காது. பிஞ்சாக இருந்தபோதே தோலில் முட்டை வைத்துவிட்டுப் போன மாங்கொட்டை வண்டின் வாரிசு அது. நல்ல பருப்பாக இருந்தால், புடைத்த முதுகு மேல் பக்கம் வருமாறு வைத்து லேசாக மண் மூடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் செம்பு நிறத் தளிர் எட்டிப் பார்க்கும்.

● ‘அடுத்த வருஷம் நட்டுக்கொள்ளலாம்’ என்று மாங்கொட்டையைப் பரணில் போட்டு வைக்காதீர்கள். நெல், கேழ்வரகு மாதிரி காயவைத்துச் சேமிக்கும் விதை அல்ல அது. மா, பலா, நாவல், அவகாடோ நான்கும் காய்ந்தால் செத்துப்போகும். பலாக்கொட்டைக்கு ஒரு மாதம் தாண்டினாலே சந்தேகம். நாவல் கொட்டையைத் தின்ற வாரமே ஊன்றிவிடுவது நல்லது. சீத்தாப்பழ விதை மட்டும் பொறுமைசாலி, உலர்த்தி வைத்தால் வருஷக்கணக்கில் தாங்கும்.

● ஆப்பிள் விதைக்கு நேர்மாறான குணம். இரண்டு மூன்று மாதம் ஈரத்தோடு குளிரில் கிடந்தால்தான் அது விழித்துக்கொள்ளும். ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்வது அதனால்தான். முளைக்கும். சென்னை வெயிலில் அது காய்க்கும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.

● விதைக் கன்று எல்லாமே சூதாட்டம் என்றால், சில நேரம் பெரிய பரிசும் விழும். அமெரிக்காவின் புளோரிடாவுக்கு 1889இல் இந்தியாவிலிருந்து மாங்கன்றுகள் போயின. அவற்றில் ஒரு ரகத்தை அங்கே ‘முல்கோபா’ என்றார்கள். நம் மல்கோவாவின் பெயர்தான் அப்படித் திரிந்தது. அதன் கொட்டைகளை 1902இல் ஜான் ஹேடன் என்ற ஓய்வுபெற்ற ராணுவ கேப்டன் தன் வீட்டுத் தோட்டத்தில் ஊன்றினார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். கன்றுகளை வளர்த்தெடுத்தவர் அவர் மனைவி. 1910இல் அவற்றில் ஒன்று சிவப்பும் மஞ்சளுமாகக் காய்த்தது, அதுதான் ‘ஹேடன்’ மாம்பழம். ஹேடனின் கொட்டையிலிருந்து வந்ததுதான் இன்று அமெரிக்கக் கடைகளில் குவிந்து கிடக்கும் ‘டாமி அட்கின்ஸ்’. ருசியில் நம் மல்கோவாவின் பக்கத்தில்கூட அது நிற்காது என்பது வேறு விஷயம்!

● உலகம் முழுக்க விற்கும் ‘ஹாஸ்’ அவகாடோவும் ஒரு வீட்டுக் கன்றுதான். ருடால்ஃப் ஹாஸ் என்ற கலிபோர்னியத் தபால்காரர் 1920களில் வாங்கி ஊன்றிய விதை அது. அந்தக் கன்றில் வேறு ரகத்தை ஒட்டுக் கட்டிப் பார்த்தார்கள், பிடிக்கவில்லை. சரி போகட்டும் என்று விட்டதில் காய்த்தது. 1935இல் காப்புரிமையும் வாங்கினார். தாய்மரம் வேரழுகலால் 2002இல் பட்டுப்போனது. அதன் கிளையிலிருந்து ஒட்டுக் கட்டியவை மட்டும் பல நாடுகளில் காய்த்துக்கொண்டிருக்கின்றன.

● விதைக் கன்று மா, காய்க்க ஆறு முதல் பத்து வருஷம் எடுக்கும். ஒட்டுக்கன்று மூன்று நான்கு வருஷத்தில் காய்க்கும். ஏன்? ஒட்டுக் கட்டும் குச்சி, ஏற்கெனவே காய்த்துக்கொண்டிருக்கும் மரத்திலிருந்து வருகிறது. உயரம்தான் குட்டையே தவிர, அது வயதுக்கு வந்த கிளை. விதைக் கன்றோ குழந்தைப் பருவத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வாழைப்பழத்திலும் சோற்றுக் கற்றாழையிலும் குச்சியைச் செருகினால் ஒரே மாதத்தில் காய்க்கும் என்று காட்டும் வீடியோக்களில் பழத்தைக் கட்டித் தொங்கவிட்டவர் யாரென்று கேட்டுப் பாருங்கள்.

● நம்பி விதை போட ஏற்றது எலுமிச்சை. அதன் விதையிலும் பல கருக்கள் உண்டு, கன்று பெரும்பாலும் தாயைப் போலவே வரும். தோட்டங்களில் வைப்பதும் பெரும்பாலும் விதைக் கன்றுகளைத்தான். பழத்திலிருந்து எடுத்த ஈரத்தோடேயே விதையுங்கள். அதே குடும்பத்துப் பம்ப்ளிமாஸ் மட்டும் ஒற்றைக் கரு ஆசாமி, தாயைப் போல வரும் என்ற நிச்சயம் கிடையாது.

● பப்பாளி விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பான உறையே முளைப்பைத் தடுக்கும். சாம்பல் போட்டுக் கசக்கி, உறை உடைந்து விதை சொரசொரப்பாகும் வரை தேய்த்து, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். அடுத்த சிக்கல் ஆணா பெண்ணா என்பது. கோ 2, கோ 5 போன்ற ரகங்களில் ஆண்மரம், பெண்மரம் தனித்தனி. பூக்கும் வரை தெரியாது என்பதால் குழிக்கு மூன்று நான்கு கன்று வைப்பார்கள். நீளமான காம்பில் கொத்துக் கொத்தாகப் பூ தொங்கினால் ஆண். தண்டை ஒட்டிப் பருத்த மொட்டு வந்தால் பெண். ‘ரெட் லேடி’, கோ 7 வகைகளில் ஆண்மரத் தொல்லை இல்லை. ஆனால் ரெட் லேடி ஒரு வீரிய ஒட்டு. கடையில் வாங்கிய பழத்தின் விதையைப் போட்டால் அதே தரம் வராது.

● பனையில் இந்தச் சஸ்பென்ஸ் இன்னும் நீளம். ஆணா பெண்ணா என்று தெரியப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். பொங்கலுக்கு அவித்துத் தின்கிற பனங்கிழங்கு, மரமாகியிருக்க வேண்டிய நாற்றுதான்!

● மங்குஸ்தான் விதை மகரந்தம் சேராமலே உண்டாகிறது. அதனால் விதைக் கன்றும் தாயைப் போலவே இருக்கும். நீலகிரி அடிவாரத்தில் கல்லாறு, பர்லியாறு அரசுப் பண்ணைகளில் இந்த மரங்களைப் பார்க்கலாம். வைக்கிறவருக்கு எட்டுப் பத்து வருஷப் பொறுமை வேண்டும்.

● 2,000 ஆண்டுப் பழைய பேரீச்சை விதை ஒன்று 2005இல் இஸ்ரேலில் முளைத்தது. மசாதா கோட்டை இடிபாடுகளில் கிடைத்தது அது. ‘மெதுசெலா’ என்று பெயர் வைத்தார்கள். வளர்ந்த பிறகு பார்த்தால் ஆண்மரம்.

● அடுக்குமாடி பால்கனித் தொட்டியில் மாங்கொட்டை போட்டுப் பழத்துக்குக் காத்திருப்பது வீண். தொட்டிக்கு எலுமிச்சையோ சீத்தாவோ போதும். சீத்தா விதையை ஒரு நாள் ஊறவைத்துப் போட்டால், மூன்று நான்கு வருஷத்தில் காய் பார்க்கலாம். இடம் இருப்பவர்கள் மாங்கன்றை வளர்த்து, அதிலேயே பிடித்த ரகத்தை ஒட்டுக் கட்டச் சொல்லலாம். நர்சரிக்காரர்கள் செய்வதும் அதுதான். அடியில் இருப்பது கொட்டை போட்டு முளைத்த ஏதோ ஒரு நாட்டு மா. பலாவை மட்டும் நிரந்தரமாக நிற்கப்போகும் இடத்திலேயே ஊன்றிவிடுங்கள். ஆணிவேர் பைக்குள் சுருண்டுவிட்டால் பிறகு பிடுங்கி நடுவது பெரும்பாடு.

● விதை ஊன்றிய அன்றே ரகத்தின் பெயர், பழம் எங்கே கிடைத்தது, தேதி மூன்றையும் எழுதித் தொங்கவிடுங்கள். பேனா மை ஒரு மழைக்குத் தாங்காது. அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறி எழுதினால் மரம் காய்க்கிற வரைக்கும் இருக்கும்.