கடல்நீரும் கண்ணாடித் தொட்டியும்: மாதோட்டக் கரையோரம் அறிந்திருக்க வேண்டியவை

கடலோரத்தில் வாழ்பவருக்குக் கடல்நீர் விலை கொடுத்து வாங்கும் பொருளன்று. கண்டியிலோ பதுளையிலோ வீட்டில் கண்ணாடித் தொட்டி அமைத்துக் கடல்மீன் வளர்க்க விரும்பும் ஒருவர், பொதியில் அடைத்து விற்கப்படும் செயற்கைக் கடலுப்பை வாங்கி நன்னீரில் கரைக்க வேண்டியிருக்கிறது. ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் என்ற கணக்கில், 200 லீற்றர் தொட்டியை ஒரு தடவை நிரப்புவதற்கே 7 கிலோகிராம் உப்புத் தேவை. திருக்கேதீஸ்வரத்திலும் வங்காலையிலும் எருக்கலம்பிட்டியிலும் பேசாலையிலும் வாழ்பவர்களுக்கு இந்தச் செலவு இல்லை. கடல் அவர்களின் வாசலிலேயே இருக்கிறது.

இருந்தும், கரையில் வாளியால் அள்ளிய நீரில் விடப்படும் மீன்கள் ஒரு சில நாட்களில் செத்து மிதப்பதுண்டு. பிடித்த மீன் பலவீனமானது என்றும், வளர்ப்பவருக்கு ராசியில்லை என்றும் காரணம் கூறப்படும். ஆனால், உண்மைக் காரணம் பெரும்பாலும் நீரிலேயே இருக்கிறது. கடல்நீர் என்பது உப்புக் கரைந்த தண்ணீர் மட்டுமே என்று நாம் எண்ணிக்கொள்வதுதான் இதில் முதலாவது தவறு.

உப்பைக் கரைத்தால் கடல்நீராகாது

ஒரு கிலோகிராம் கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. இவற்றுள் குளோரைட்டு 19 கிராம், சோடியம் 11 கிராமுக்குச் சற்றுக் குறைவு, சல்பேற்று 2.7 கிராம், மகனீசியம் 1.3 கிராம், கல்சியமும் பொற்றாசியமும் தலா 0.4 கிராம் அளவில் உள்ளன. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த ‘சலஞ்சர்’ ஆய்வுக் கப்பல் கொண்டுவந்த நீர் மாதிரிகளைப் பகுத்து ஆராய்ந்த இரசாயனவியலாளர் டிட்மார், 1884இல் ஒரு முக்கிய உண்மையை உறுதிப்படுத்தினார். கடலுக்குக் கடல் உப்பின் மொத்த அளவு கூடிக் குறையலாம். ஆனால் அந்தப் பிரதான உப்புகள் ஒன்றுக்கொன்று கொண்டுள்ள விகிதம் மாறுவதில்லை என்பதே அது.

அவ்வாறாயின், மன்னார் உப்பளத்து உப்பை வாங்கிக் கரைத்தால் கடல்நீர் கிடைத்துவிடாதா என்ற கேள்வி எழுவது இயல்பே. கிடைக்காது என்பதே விடை. பாத்தியில் கடல்நீர் வெயிலில் வற்றும்போது முதலில் சுண்ணாம்பும், அடுத்து ஜிப்சமும் படிந்து பிரிகின்றன. நீர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்த பின்னரே நாம் உண்ணும் உப்புப் பளிங்காகிறது. மகனீசியம் மிகுந்த கசப்பு நீர் எஞ்சிவிடுகிறது, அது வெளியேற்றப்படுகிறது. ஆகவே, கறியுப்பு என்பது கடலிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பகுதியேயன்றிக் கடலின் சாரமன்று. அதைக் கரைத்த நீரில் ஓட்டுயிர்கள் ஓடு கட்டுவதற்கான கல்சியமும் இராது, மகனீசியமும் இராது. செயற்கைக் கடலுப்பு விலையுயர்ந்திருப்பதற்கும் இதுவே காரணம். பிரித்தெடுத்த உப்புகள் பலவற்றை மீண்டும் அதே விகிதத்தில் கலந்தே அது தயாரிக்கப்படுகிறது.

கடலில்லாத அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 2005இல் திறக்கப்பட்ட ஜோர்ஜியா மீன் காட்சியகம் இத்தகைய செயற்கைக் கடல்நீரிலேயே இயங்குகிறது. கலிபோர்னியக் கரையில் 1984இல் திறக்கப்பட்ட மொன்ரெரே குடா மீன் காட்சியகமோ தனக்கு முன்னாலுள்ள குடாவின் நீரையே உள்ளிழுக்கிறது. பார்வையாளர் வரும் பகல் வேளையில் அந்நீர் வடிகட்டப்படும். இரவில் வடிகட்டாமலே விடப்படும். அந்த வடிகட்டாத நீரில் வரும் நுண்ணுயிர்கள் தொட்டியிலுள்ள பல உயிரினங்களுக்கு உணவாகின்றன. இயற்கைக் கடல்நீரின் சிறப்பும் இதுதான், சிக்கலும் இதுதான். அது உயிருள்ள நீர்.

ஒரே கடல், பல நீர்

மாதோட்டத்துக் கரையில் கடல்நீர் எடுப்பவர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். அரபு, பாரசீக, சீன வணிகத்தோடு தொடர்பு கொண்டிருந்த மாந்தைத் துறைமுகம் அமைந்திருந்த கரை இது. இன்று திருக்கேதீஸ்வரத்தை அண்டிக் காணப்படுவது ஆழமற்ற களப்பும் சேற்று நிலமும் கண்டலுமே. இத்தகைய ஆழமற்ற நீர் கடுங்கோடையில் வெயிலில் வற்றிக் கடலைவிட உவர்ப்பாகும். மாரியில் மழைநீர் கலந்து ஏறக்குறைய நன்னீராகிவிடும். பாலாவியிலும் அதைச் சூழ்ந்த ஓடைகளிலும் அள்ளிய நீரைக் கடல்நீர் என்று கொள்ள முடியாது.

வெளிக்கடலும் ஆண்டு முழுவதும் ஒரே தன்மையில் இருப்பதில்லை. சோளகம் வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாவுக்கு அரபிக் கடலின் உவர்ப்பு மிகுந்த நீர் வருகிறது. வாடை தொடங்கியபின், பெரிய ஆறுகளின் நீர் கலந்து உவர்ப்புக் குறைந்த வங்கக் கடல் நீர் பாக்கு நீரிணை வழியாக இறங்குகிறது. அத்துடன், அநுராதபுரப் பகுதியைக் கடந்து வரும் அருவியாறு மாரி வெள்ளத்தையும், வண்டலையும், வயல்களில் இடப்பட்ட உரத்தையும் கிருமிநாசினியையும் சுமந்துகொண்டு அரிப்புக்கு அருகே கடலில் சேர்கிறது. ஆகவே, வைகாசியில் எடுத்த நீரும் மார்கழியில் எடுத்த நீரும் ஒன்றல்ல.

நீரும் மணலும் மாறுவதால் கடலுயிர்கள் படும் பாடு இக்கரைக்குப் புதிதன்று. தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே மூழ்கி முத்துக்குளித்த சிலாபத்துறை, அரிப்புப் பார்களில் சில ஆண்டுகள் சிப்பி குவிந்து கிடக்கும். சில ஆண்டுகள் ஒன்றும் இராது. இதன் காரணத்தை அறிய 1902இல் இலங்கைக்கு வந்த பிரித்தானிய விஞ்ஞானி ஹேர்ட்மன், சோளகக் காலத்தில் நகரும் மணல் இளஞ்சிப்பிகளை மூடிவிடுவதே பெருங்காரணம் எனக் கண்டார். பாரிலுள்ள சிப்பிக்கே அந்நிலை என்றால், தொட்டிக்குள் விலகிச் செல்ல இடமில்லாத மீனின் நிலையைக் கூற வேண்டியதில்லை.

எடுப்பதும் வைத்திருப்பதும்

நீரை எடுப்பதற்கு ஏற்ற இடம், இறங்குதுறைகளுக்கும் ஆற்றுமுகங்களுக்கும் கழிவு வாய்க்கால்களுக்கும் விலகிய வெளிக்கடல். கடலுக்குச் செல்லும் தொழிலாளி ஒருவரிடம் கலனைக் கொடுத்து நிரப்பச் சொல்வதே மேலானது. மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் இருக்கக்கூடும் என்பதால், கலனின் வாயை முழங்கை ஆழத்துக்குக் கீழே அமிழ்த்தி நிரப்ப வேண்டும். கரையிலிருந்தே எடுக்க நேர்ந்தால், கடல் பெருகும் வேளையில் எடுக்க வேண்டும். வற்றும் வேளையில் வருவது கரைச்சேற்றைக் கழுவிய நீர். பெருமழை பெய்த பின்னர் சில நாட்கள் பொறுத்திருப்பது அவசியம்.

கடல் பச்சையாகவோ செம்மையாகவோ நிறம் மாறியிருந்தால் அந்நீரைத் தொடவே கூடாது. 2019 செப்டெம்பரில் எதிர்க்கரையில் மண்டபம், பாம்பன் பகுதிகளில் நொக்ரிலூக்கா எனும் நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையானது. மீன்கள் செத்துக் கரையொதுங்கின. பரந்த கடலிலேயே ஒட்சிசன் அற்றுப்போகுமானால், நாலடித் தொட்டியில் என்ன நேரும் என்பதை ஊகிக்கலாம்.

கலன்களில் கவனம் தேவை. உணவுப் பொருள் அடைத்து வந்த பிளாஸ்ரிக் கலன்களே ஏற்றவை. மண்ணெண்ணெயோ வண்ணப்பூச்சோ கிருமிநாசினியோ இருந்த கலனை எத்தனை தடவை கழுவினாலும் பயன்படுத்தலாகாது. செப்பு, பித்தளைப் பாத்திரங்கள் அறவே கூடா. இறால், நத்தை, கடற்சாமந்தி போன்ற முள்ளந்தண்டற்ற உயிர்களுக்குச் செப்பு மிகச் சிறிய அளவிலும் நஞ்சாகும்.

கொண்டுவந்த நீரை மெல்லிய துணியில் வடித்து, மூடி, வெளிச்சம் படாத இடத்தில் இரண்டு வாரங்களளவில் வைத்திருப்பது பழகிய முறை. இதற்குக் காரணம் உண்டு. அள்ளிய நீரிலுள்ள மிதவை நுண்ணுயிர்கள் அடைபட்டதும் இறக்கத் தொடங்குகின்றன. அவை அழுகும்போது ஒட்சிசன் குறைகிறது, அமோனியா உண்டாகிறது. இது தொட்டிக்குள் நிகழ்ந்தால் மீன் இறக்கும். கலனுக்குள் நிகழ்ந்து முடிந்துவிட்டால் தீங்கில்லை. அடியில் படிந்த வண்டலைக் கலக்காமல் தெளிந்த நீரை மாத்திரம் எடுத்து, ஒரு நாள் முழுவதும் காற்றூட்டிய பின்னர் பயன்படுத்தலாம். குளோரீன் இட்டு நுண்ணுயிர்களைக் கொல்லும் முறையும் உண்டு. ஆயின், சோடியம் தயோசல்பேற்றுக் கொண்டு அக்குளோரீனை முற்றாக நீக்கி, நீங்கியதைச் சோதித்து அறியும் வசதியில்லாதவர்கள் அதில் இறங்காமலிருப்பது நன்று.

பயன்படுத்துமுன் நீரின் அடர்த்தியை மிதக்கும் நீரமானியால் அளக்க வேண்டும். 1.023க்கும் 1.026க்கும் இடையில் இருந்தால் போதுமானது. தொட்டியில் நீர்மட்டம் குறையும்போது கடல்நீரை ஊற்றி நிரப்புவது பலரும் செய்யும் பிழை. ஆவியாவது நீரே, உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. கடல்நீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் மன்னார் வெயிலில் தொட்டி சிறியதோர் உப்பளமாகிவிடும். குறைந்ததை நன்னீரால் நிரப்ப வேண்டும். இப்பகுதிக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பானதாகையால், சுத்தமாகச் சேமித்த மழைநீர் சாலச் சிறந்தது.

நீர் சரியாக அமைந்த அன்றே மீனை விட்டுவிடவும் கூடாது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் மணலிலும் கல்லிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதன்பின், 200 லீற்றர் தொட்டிக்கு வாரந்தோறும் 20 லீற்றர், அதாவது ஒரு கலன் நீரை மாற்றிவந்தால் போதும். அகற்றிய நீரையும், வளர்த்துச் சலித்த மீனையும் மீண்டும் கடலில் விடலாகாது. நமது கடலுக்கு உரிய சிங்கமீன், வளர்ப்புத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டதாலேயே அமெரிக்காவின் அத்திலாந்திக் கரையில் பரவியதாகக் கருதப்படுகிறது. அங்கு 1985இல் முதலில் காணப்பட்ட அது, இன்று அக்கடலின் சிறுமீன்களை அழிக்கும் பெருந்தொல்லையாகியிருக்கிறது.

தொட்டிக்கு அப்பால்

இவ்வளவு கவனமும் ஒரு பொழுதுபோக்குக்காகவா என்று சிலர் கேட்கக்கூடும். தொட்டியில் இறக்கும் ஒவ்வொரு மீனுக்கும் பதிலாகப் பவளப் பாரிலிருந்து இன்னொரு மீன் பிடிக்கப்படுகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். உயிர்ப் பவளத்தைப் பெயர்த்தெடுப்பது சட்டவிரோதமானது என்பதையும் மறந்துவிடலாகாது. திருக்கேதீஸ்வரத்துக்கு அண்மையிலுள்ள வங்காலைப் பகுதி 2008இல் சரணாலயமாகவும், 2010இல் ராம்சார் ஈரநிலமாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. அங்கு உயிரினங்களைப் பிடிக்க வேட்கை கொள்வது முறையாகாது.

இதைவிட முக்கியமானதொன்றும் உண்டு. செயற்கை உப்பில் மீன் வளர்ப்பவர் கடலைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கலாம். இயற்கைக் கடல்நீரை நம்புபவருக்கு அது இயலாது. 2021இல் கொழும்புக்கு அப்பால் ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ கப்பல் எரிந்து மூழ்கியபோது மேற்குக் கரையோரமெங்கும் பிளாஸ்ரிக் குறுணிகள் பரவின. 2025 மே மாதம் கேரளக் கரைக்கு அப்பால் ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ மூழ்கியபின் அத்தகைய குறுணிகள் மன்னார்க் கரையிலும் வந்து ஒதுங்கின. எங்கோ மூழ்கும் கப்பலின் சரக்கும், எங்கோ வயலில் தெளிக்கப்படும் கிருமிநாசினியும் இக்கரையின் ஒரு கலன் நீரில் வந்து சேரும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

பாலாவியை இந்துக்கள் தீர்த்தமாகப் போற்றுகின்றனர். கடல்நீரை வுழூச் செய்யத் தகுந்த தூய நீராக முஸ்லிம்கள் கொள்கின்றனர். இரு சமூகத்தவரும் தூய்மையோடு சேர்த்து எண்ணும் இந்த நீரின் தூய்மையைக் காப்பதும் இரு சமூகத்தவரதும் பொறுப்பாகும். மன்னார் மாவட்டப் பாடசாலைகளின் விஞ்ஞானகூடங்களில் ஆளுக்கொரு கடல்நீர்த் தொட்டி அமைக்கப்பட்டு, வாரந்தோறும் கொண்டுவரப்படும் நீரின் அடர்த்தியையும் நிறத்தையும் தெளிவையும் மாணவர்கள் ஏட்டில் பதிந்துவந்தால், சில ஆண்டுகளில் இக்கரைக்கெனப் பெறுமதிமிக்க ஒரு பதிவேடு உருவாகும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு கண்ணாடித் தொட்டியும், ஒரு நீரமானியும், வாரத்துக்கு ஒரு கலன் கடல்நீருமே வேண்டும். கல்வித் திணைக்களமும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.