இரண்டு டிரான்சிஸ்டர், ஆயிரம் மடங்கு

மைக்ரோகண்ட்ரோலரின் ஒரு காலிலிருந்து 20 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுப்பது பெரும்பாலும் ஆபத்து. மோட்டாருக்கோ 3 ஆம்பியர் வேண்டும். இடையில் ஒரு டிரான்சிஸ்டர் போதும் என்று தோன்றும். பேஸில் நுழையும் சிறு மின்னோட்டத்தைக் கலெக்டரில் பல மடங்காக்குவதுதானே அதன் வேலை? ஆனால் கனத்த மின்னோட்டத்தைத் தாங்கும் பவர் டிரான்சிஸ்டர்களுக்குப் பெருக்கும் திறன் குறைவு. பெயர்பெற்ற 2என்3055-ஐ எடுத்துக்கொள்வோம். 4 ஆம்பியரில் அது உறுதியளிப்பது 20 மடங்கு மட்டுமே. அந்தக் கணக்கில் 3 ஆம்பியருக்கு 150 மில்லி ஆம்பியர் ஊட்ட வேண்டும். மைக்ரோகண்ட்ரோலரால் அது ஆகாது.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய சிட்னி டார்லிங்டன் 1952இல் இதற்கு ஒரு வழி சொன்னார். முதல் டிரான்சிஸ்டரின் எமிட்டரை இரண்டாவதன் பேஸில் கொடுத்து, கலெக்டர்கள் இரண்டையும் ஒன்றாக இணைத்தார். முதலாவது பெருக்கியதை இரண்டாவது மறுபடியும் பெருக்குகிறது. ஒன்று 50 மடங்கு, மற்றது 20 மடங்கு என்றால் மொத்தம் ஆயிரத்துக்கும் சற்று மேல். அதே மோட்டாருக்கு இப்போது 3 மில்லி ஆம்பியர் போதும்.

இணைப்பைவிட என்னை வியக்கவைப்பது வேறொன்று. இரண்டையும் ஒரே குறைகடத்தித் துண்டில் அமைக்கலாம் என்று அவர் அப்போதே கண்டார். ஜாக் கில்பி ஐ.சி.யைச் செய்துகாட்டியது 1958இல்தான்! எத்தனை டிரான்சிஸ்டர்களையும் சேர்க்கலாம் என்று காப்புரிமை கேட்கவே டார்லிங்டன் விரும்பினார். அது இரண்டு, மூன்றோடு நின்றுபோனது.

இந்தப் பெருக்கம் இலவசமாக வருவதில்லை. பேஸ்-எமிட்டர் சந்திகள் இரண்டு இருப்பதால், விழித்தெழவே 1.2 முதல் 1.4 வோல்ட் கேட்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். முழுதாகத் திறந்த நிலையிலும் ஏறத்தாழ 0.7 வோல்ட்டுக்குக் கீழே அது இறங்காது என்பதே பெரிய தொல்லை. கலெக்டர் மின்னழுத்தம் அதற்கும் கீழே போனால், இரண்டாவதற்கு ஊட்ட முதலாவதிடம் ஒன்றும் மிஞ்சாது. டிஐபி120 வகையில் 3 ஆம்பியர் ஓடும்போது இழப்பு 2 வோல்ட் வரை போகலாம். அதாவது 6 வாட் வெறும் வெப்பம். ஹீட் சிங்க் இல்லாமல் தாங்காது. அணைவதிலும் மந்தம் உண்டு: இரண்டாவதன் பேஸில் தேங்கிய மின்னூட்டம் வெளியேற வழியில்லை. அதற்காகத்தான் அதன் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர் வைக்கிறார்கள். முதலாவதில் கசியும் மின்னோட்டம் இரண்டாவதில் பெருகாமல் தடுப்பதும் அதுவே.

ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் சிக்லாய் என்.பி.என். ஒன்றையும் பி.என்.பி. ஒன்றையும் ஜோடி சேர்த்தார். அது ஒரே சந்தியின் 0.6 வோல்ட்டில் எழுந்துவிடும். நல்ல பி.என்.பி. பவர் டிரான்சிஸ்டர்கள் அரிதாக இருந்த நாட்களில் ஆடியோ ஆம்ப்ளிஃபயர்களின் கடைசிக் கட்டத்தில் இந்த ஜோடி பெரிதும் கைகொடுத்தது. திறந்த நிலை இழப்பு மட்டும் இதிலும் தீரவில்லை.

பேஸ் மின்னோட்டமே கேட்காத மாஸ்ஃபெட் இன்று பல இடங்களைப் பிடித்துவிட்டது. ஆனாலும் ஏழு டார்லிங்டன் ஜோடிகளை அடக்கிய யுஎல்என்2003 இன்னும் சலிக்காமல் ரிலேக்களையும் ஸ்டெப்பர் மோட்டார்களையும் இயக்குகிறது. 12 வோல்ட் ரிலேக்கு ஒரு வோல்ட் இழப்பு பொருட்டல்ல. பேட்டரியில் ஓடும் 5 வோல்ட் மோட்டார் என்றால், தயங்காமல் மாஸ்ஃபெட்டையே எடுங்கள்.